டப்பாவுக்குள் ஒரு நோட்டுப் புத்தகம்

எனக்குப் புதையலில் நம்பிக்கை வந்தது கிடையாது. எங்கள் ஊரில் வெற்றிலையில் மை தடவிப் பார்த்துப் புதையல் இருக்கும் இடம் சொல்லும் ஒருவர் இருந்தார். அவர் பேச்சை நம்பிக் கொல்லைப்புறத்தில் இடுப்பளவுக்குத் தோண்டிய மிராசுதார் ஒருவர், கடைசியில் அந்தக் குழியில் ஒரு வாழைக்கன்றை நட்டுவிட்டு உள்ளே போனார். அந்தக் கன்று நன்றாகத்தான் குலை தள்ளிற்று. ஆகவே, 2023ஆம் வருஷம் இலை உதிரும் பருவத்தில், அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில், நாற்பது வயதைத் தாண்டிய நான் ஒரு மரத்தடியில் மண்டியிட்டுப் பாசியைப் புரட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

போனது அக்காளுக்குத் துணையாக. அக்காள் மகன் போர்ட்லண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர்ச் சில்லு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். எனக்கும் அவனுக்கும் பத்து வயசுதான் வித்தியாசம். நாங்கள் போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே அக்காள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "ஏம்ப்பா தம்பி, கை நெறயச் சம்பளம் வாங்கறான். லீவு நாளானா கேஷ் தேடப் போறேன்னு காட்டுக்குக் கெளம்பிடறானே. வெளியில தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

அக்காளின் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கேஷ் காசல்ல. ஒளித்து வைத்தது என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். வட அமெரிக்கக் காடுகளில் தோல் வியாபாரத்துக்காகத் திரிந்தவர்கள் திரும்பி வரும்போது உதவுமென்று தானியமும் சாமான்களும் புதைத்து வைத்த குழிக்கு அந்தப் பெயர். அதோடு பூமியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைச் சேர்த்து ஜியோகேஷிங் என்கிறார்கள். ஒருவர் எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை மட்டும் உலகத்துக்குச் சொல்லுகிறார். மற்றவர்கள் செல்போனில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியின் துணையோடு போய்த் தேடுகிறார்கள். டப்பாவுக்குள் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே திரும்பவும் ஒளித்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான். பெரிய டப்பாவானால் விளையாட்டுச் சாமான்கள் சில கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள ஒன்றை வைக்கவேண்டும் என்பது மரியாதை.

இதில் விமரிசனம் செய்ய என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆறு வாரம் அவனோடு அலைந்த பிறகு, நான் பார்த்தது ஒரு விளையாட்டை அல்ல, ஒரு இலக்கியத்தை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மோசமான இலக்கியம் பெரும்பகுதி. ஆனால் இலக்கியம்தான்.

இதன் பூர்வோத்தரம் சுருக்கமானது. அமெரிக்க ராணுவம் தன் உபயோகத்துக்காக ஏவிய செயற்கைக் கோள்கள் சுமார் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால் ஒரு கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். ஆனால் பொது ஜனங்களுக்கு விட்டிருந்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். நூறு மீட்டர் வரையில் தப்பும். 2000ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி நள்ளிரவில், ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவுப்படி அந்தப் பிழையை நிறுத்தினார்கள். மே 3ஆம் தேதியே டேவ் அல்மர் என்பவர் ஆரிகனில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, இடத்தின் எண்களை இன்டர்நெட்டில் வெளியிட்டார். வாளிக்குள் புத்தகங்கள், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின், ஒரு நோட்டு. சில நாளைக்குள் அண்டை மாகாணமான வாஷிங்டனிலிருந்து மைக் டீக் என்பவர் வந்து முதலில் கண்டுபிடித்தார். ஜியோகேஷிங் என்ற பெயரை அந்த மே மாதக் கடைசியில் மாட் ஸ்டம் என்பவர் வைத்தார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்று ஒரு வலைத்தளம் தொடங்கியபோது உலகம் முழுவதிலும் இருந்தவை 75. இன்று முப்பது லட்சத்துக்கு மேல்.

வாளி இருந்த இடத்துக்கு மருமான் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வாளி இல்லை, அதன் ஞாபகமாக 2003இல் பதித்த ஒரு தகடு சாலையோரம் மரங்களுக்கு அடியில் இருக்கிறது. தகடு பதிக்கப் போனவர்களுக்குப் பழைய பீன்ஸ் டின் மண்ணில் அகப்பட்டதாம். அதை எறியாமல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு புனிதப் பொருளைப் போல ஊர் ஊராகக் கூட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், டப்பாக்களில் உணவுப் பண்டம் வைக்கக் கூடாதென்பது இப்போது கண்டிப்பான விதி. வாசனைக்கு மிருகங்கள் வந்துவிடும். ஆதி நூல் பிற்காலத்து இலக்கணத்துக்குப் பிழையாகப் போவது நமக்கும் தெரிந்த சமாசாரம்தானே.

இலக்கியம் என்று ஏன் சொல்லுகிறேன்? ஸ்டீவன்ஸன் 1881இல் ஸ்காட்லாந்திலுள்ள பிரேமார் என்ற ஊரில் தங்கியிருந்தபோது, மனைவியின் மகனான சிறுவனோடு சேர்ந்து ஒரு தீவின் படத்தை வரைந்தார். வரைந்த படத்தைப் பார்க்கப் பார்க்க அதில் ஆட்கள் நடமாடினார்கள். அப்படித்தான் 'புதையல் தீவு' பிறந்தது. படம் முதலில், கதை பிறகு. புத்தகமாகப் போடக் கொடுத்தபோது அந்தப் படம் தொலைந்துபோய், எழுதின கதையை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்ப வரைய நேர்ந்தது என்று அவரே வருத்தப்பட்டிருக்கிறார். டப்பாவை ஒளித்து வைக்கிறவர் செய்வதும் படம் வரைகிற வேலைதான். கதையை அவர் எழுதுவதில்லை. தேடி வருகிறவன் தன் கால்களால் எழுதவேண்டும்; பிறகு கையாலும் எழுதவேண்டும். அந்த நோட்டு இல்லாவிட்டால் இது வெறும் குப்பை ஒளிக்கிற காரியம்.

இதற்கு ஒரு மூதாதை உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்ற பொட்டல் இருக்கிறது. ஷெர்லக் ஹோம்ஸ் வேட்டை நாயைத் துரத்திக்கொண்டு போன இடம் என்றால் நம்மவர்களுக்குப் புரியும். 1854இல் அங்கே வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், சதுப்பு நிலத்தைத் தாண்டிப் போய்ச் சேரவேண்டிய கிரான்மியர் குளத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் நோட்டுப் புத்தகம் வந்தது. தன் விலாசத்தையே எழுதிய கார்டைப் பெட்டியில் விட்டுவிட்டு வருகிற வழக்கமும் உண்டாயிற்று. அடுத்தாற்போல் அங்கே வருகிறவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்க்கவேண்டும். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. யாரென்று தெரியாத ஒருவன் யாரென்று தெரியாத இன்னொருவனுக்காக ஒரு கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சேற்றில் பத்து மைல் நடக்கிறான். எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் நடுவே இருப்பதும் ஏறக்குறைய இதுதான். எது எழுத்தாளன், எது வாசகன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

இனி மோசமான பகுதிக்கு வருகிறேன்.

முதல் வாரம் மருமான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்துக்கு. விளக்குக் கம்பத்தின் அடியில் போல்ட்டுகளை மறைக்க ஒரு தகரப் பாவாடை இருக்கும். அதைத் தூக்கினான். உள்ளே பழைய காலத்துப் பிலிம் சுருள் டப்பா. அதற்குள் சுருட்டிய காகித நாடா. பெயரெழுதினான், வைத்தான், காரில் ஏறினான். எல்லாம் ஒன்றரை நிமிஷம். "இதுல என்னடா இருக்கு?" என்றேன். "ஒண்ணு ஏறிடுச்சு மாமா" என்றான். நாங்கள் இரண்டு பேர் கம்பத்தடியில் குனிந்ததைக் கடைக் காவல்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். விஷயம் தெரியாதவர்களுக்கு இவர்கள் 'மக்கிள்' என்று ஹாரி பாட்டர் கதையிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மக்கிள்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை. 2011 ஜூலையில் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் ஒரு சிற்றுண்டிச்சாலைக்கு வெளியே இருந்த டப்பாவை வெடிகுண்டென்று நினைத்து ராணுவத்தார் வந்து தகர்த்தார்கள்.

விளக்குக் கம்பமாவது ஒன்றோடு போயிற்று. இரண்டு டப்பாவுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்கவேண்டும் என்று ஒரு விதி. நெரிசல் ஆகக் கூடாதென்று போட்ட விதி. ஆனால் சட்டத்தைக் கண்டால் அதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பதுதானே மனுஷ சுபாவம்? நெவாடா பாலைவனத்தில் ஒரு நெடுஞ்சாலை நெடுக, 161 மீட்டருக்கு ஒன்றாக, ஆயிரத்துக்கு மேல் வரிசையாக வைத்துவிட்டார்கள். ஒருவர் காரோட்ட, ஒருவர் குதித்து இறங்கி, கையிலிருக்கும் டப்பாவை அங்கே வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்துக்கொண்டு ஏறி, ஓடுகிற காரிலேயே பெயரை முத்திரை குத்தி, அடுத்த கல்லடியில் வைப்பார். ஒரு பகல் ஒரு இரவில் ஆயிரத்தைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போயிற்று. ஒரு வாரப் பத்திரிகையில் இருபத்தெட்டு வாரத்தில் முடியவேண்டிய தொடர்கதையை ஐம்பத்திரண்டு வாரம் ஓட்டியவன் நான். கதாநாயகியை ரயிலேற்றிவிட்டு ஒன்பது வாரம் இறக்கவேயில்லை. அதுவும் 161 மீட்டருக்கு ஒரு டப்பாதான்.

வாசகர்களும் அதற்கேற்றபடி ஆகிவிட்டார்கள். கண்டுபிடித்த பிறகு வலைத்தளத்தில் அந்த டப்பாவின் பக்கத்தில் நாலு வரி எழுதுவது வழக்கம். இப்போது பெரும்பாலும் டி.எஃப்.டி.சி. என்று நாலே எழுத்து. 'டப்பாவுக்கு நன்றி' என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள். முன்பெல்லாம் தனிக் கருவியோடு நடந்துபோய், வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, உட்கார்ந்து எழுதினார்கள். செல்போனே கருவியாகிவிட்ட பிறகு மரத்தடியிலேயே கட்டைவிரலால் தட்டிவிட்டு அடுத்ததற்குக் கிளம்புகிறார்கள். மருமான் கணக்கில் அன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. நாலாயிரமும் நாலெழுத்தும்.

இதெல்லாம் சரி, நல்லது ஒன்று காட்டடா என்றேன். மூன்றாவது வாரம் காட்டினான். எங்கே என்று சொல்லமாட்டேன். சொன்னால் தேடப்போகிறவர்களின் சாபம் என்னைச் சும்மா விடாது. ஊருக்கு வெளியே ஒரு காட்டில், ஒரு மணி நேரம் மேட்டில் ஏறிய பிறகு, விழுந்து கிடந்த பெரிய ஃபர் மரத்தின் வேருக்கடியில், ராணுவத்தார் துப்பாக்கி ரவை வைக்கும் பச்சை நிற இரும்புப் பெட்டி. மூடியை நெம்பித் திறந்தால் பிளாஸ்டிக் உறைக்குள் சுருள் கம்பி நோட்டு ஒன்று, ஒரு பென்சில். மழை ஊரில் மை நிற்காது. மருமான் பெயரெழுதிவிட்டு எழுந்தான். நான் எழவில்லை. அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் சமீபத்தில் படித்த புத்தகங்களில் அதைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

2004 அக்டோபரில் ஆரம்பம். முதல் மனிதர் விடியுமுன் டார்ச் விளக்கோடு வந்திருக்கிறார். எடுத்தது என்ன, வைத்தது என்ன என்று கடைக்காரர் பேரேடு மாதிரி எழுதியிருக்கிறார். அடுத்த நாள் வந்தவர், தமக்கு முன் ஒருவர் வந்துவிட்டாரே என்ற ஆத்திரத்தை மறைக்கப் பார்த்து மறைக்க முடியாமல் வானிலையைப் பற்றி எழுதுகிறார். நல்ல உத்தி. நம்முடைய நாவல்களில் இரண்டு சகோதரர்களுக்குள் பொறாமை என்றால் ஒரு அத்தியாயம் செலவழிப்போம்.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு சிறுமி. கொட்டை எழுத்து. அப்பா தங்கம் இருக்குமென்று சொன்னாராம். பிளாஸ்டிக் தவளைதான் இருந்ததாம். பரவாயில்லை, எடுத்துக்கொண்டாள். வேறொன்றும் எழுதவில்லை. இருபது இருபத்தைந்து பக்கம் தள்ளி, 2014இல், அதே பெயர், கூட்டெழுத்தில். தவளையைத் திரும்ப வைத்துவிட்டதாக ஒரு வரி. தன்னோடு யார் வந்தார்கள் என்றில்லை. அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் எழுதியிருந்தால் அப்பாவைச் சாகடித்திருப்பேன். குறைந்தபட்சம் தவளையைக் கையில் வைத்துக்கொண்டு அவளை ஒரு முறை அழவிட்டிருப்பேன். அவள் பேனா பிடிக்கிறவளல்ல, அதனால் கெடுக்கவில்லை. பெட்டியைத் துழாவினேன். தவளை இல்லை. வேறு யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள்.

சில வருஷம் தள்ளி நோட்டு இளைக்கிறது. பத்து வரி நாலு வரியாகி, நாலு வரி பெயரும் தேதியுமாகி, பிறகு பெயர் அச்சிட்ட ஒட்டுச் சீட்டும் ரப்பர் ஸ்டாம்பும் வருகின்றன. 2016 முதல் 2019 வரை நான் பார்த்தவை வருகைப் பதிவேடு. ரசிகன் புரட்டிவிடலாம். அப்புறம் 2020 ஏப்ரல். கொரோனா நோய் வந்து எல்லோரும் கதவடைத்திருந்த மாதம். ஒருவர் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். பெட்டியிலிருந்த பென்சிலைத் தொடவில்லை, தன் பென்சிலைக் கொண்டுவந்தேன் என்று ஆரம்பித்து, இத்தனை நாளாக யாரோடும் பேசாததால் இந்த நோட்டோடு பேசுகிறேன் என்று, பறவைகளைப் பற்றியும் தம் மாடியில் பியானோ வாசிக்கிறவரைப் பற்றியும் எழுதுகிறார். நடை சுமார்தான். சொன்னதையே இரண்டு தரம் சொல்லுகிறார். ஆனால் யாருக்கோ எழுதுகிறோம் என்ற நிச்சயம் அதில் இருக்கிறது. எத்தனை பெரிய எழுத்தாளர்களிடம் அது நழுவிப்போயிருக்கிறது!

நானும் எழுதினேன். மருமான் பெயரை மட்டும் போடுங்கள் என்றான். இவர்களெல்லாம் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது புதிதல்லவே. தமிழிலேயே ஒரு பக்கம் எழுதினேன். என்ன எழுதினேன் என்பது அங்கே நடந்துபோகத் தயாராயிருப்பவர்களுக்கு.

இறங்கி வரும்போது அவனோடு சண்டை போட்டேன். அவன் நாலாயிரத்தையும் சேர்த்து வைத்தாலும் இந்த நோட்டின் ஐந்தாம் பக்கத்துக்கு ஆகாது என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா, நீங்க எழுதறதுக்குக் காசு வாங்கறீங்க. நான் நடக்கப் போறேன். நடந்தது போதாதா? எண்ணிக்கைன்னு ஒண்ணு இல்லேன்னா நான் வீட்டை விட்டே கெளம்பியிருக்கமாட்டேன்" என்றான். எனக்கு இதற்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் வாரம் அறுபது மணி உட்காருகிறவனைக் கதவுக்கு வெளியே இழுத்து வந்தது அந்த எண்ணிக்கைதான் என்றால், அதை நான் எப்படிக் குறை சொல்வது? ஆனால் பயன்படுகிறது என்பதால் ஒரு புத்தகம் நல்ல புத்தகம் ஆகிவிடாது. ரயில்வே கால அட்டவணையும் பயன்படுகிறது.

அன்றிரவு வலைத்தளத்தில் அவன் பெயரில் இருக்கும் குறிப்புகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனேன். நாலெழுத்து, நாலெழுத்து, நாலெழுத்து. பக்கம் பக்கமாகத் தள்ளி 2012க்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஜனவரியில்தான் அவன் இந்த ஊருக்கு வந்தான். அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகவில்லை. ஆரிகனில் குளிர்காலம் முழுதும் மழை. அவன் கண்டுபிடித்த முதல் இருநூறு டப்பாக்களுக்கும் பத்துப் பதினைந்து வரி எழுதியிருக்கிறான். "அதைப் படிக்காதீங்க மாமா" என்று வந்து மூடப் பார்த்தான். விடவில்லை.

ஒரு பாலத்தடி டப்பா. மழையில் ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. ஒரு கிழத் தம்பதி நாயோடு வந்து, போகாமல் நிற்கிறார்கள். அவர்கள் போகட்டுமென்று இவன் ஓடையைப் பார்க்கிறமாதிரி பாவனை செய்கிறான். இவன் போகட்டுமென்று அவர்களும் அதே பாவனை. கடைசியில் கிழவர் சிரித்துவிட்டார். மூன்று பேரும் சேர்ந்து தேடினார்கள். நாய்தான் கண்டுபிடித்தது. பாதி ரொட்டியை அவனுக்குக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் அவன் பெயரைக் கேட்டு, சரியாக வரும்வரைக்கும் நாலு தரம் சொல்லிப் பார்த்தாளாம். இந்த ஊரில் அப்படிக் கேட்டது அவள்தான் என்று எழுதி முடிக்கிறான். எங்கள் குடும்பத்தில் எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்று இருபது வருஷமாக எல்லோரும் சொல்ல, நானும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அக்காளுக்கு அதைத் தமிழில் சொன்னேன். பருப்பு வேகிற அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள். "எந்த மாசம்?" என்றாள். பிப்ரவரி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பல்லாம் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேம்மான்னு வச்சிடுவான். பாதி ரொட்டியா சாப்பிட்டிருக்கான்?" என்றாள். அப்புறம், "அந்த அம்மா இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

இருக்கிறார்கள். இவர்கள் மாதத்துக்கொருமுறை ஒரு ஓட்டலில் காலைப் பலகாரத்துக்குக் கூடுகிறார்கள். அக்காளையும் கூட்டிக்கொண்டு போனோம். வயது, உத்தியோகம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பலருக்கு ஒருவர் மற்றவரின் உண்மைப் பெயர்கூடத் தெரியாது. பாதிப்பேர் என்னைக் கேட்ட முதல் கேள்வி "எத்தனை?" என்பது. அந்தக் கிழவியம்மாள்தான் "எது?" என்று கேட்டாள். சொன்னேன். "தவளை இருந்ததா?" என்றாள். அவளும் அந்த நோட்டைப் படித்திருக்கிறாள்! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அக்காள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் தமிழில் பேசினாள். அவளும் தலையை ஆட்டினாள்.

ஒரு ரகத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தேடியும் அகப்படாவிட்டால், 'கிடைக்கவில்லை' என்று பதிவு செய்யவேண்டும். கிடைத்தால் மஞ்சளில் சிரித்த முகம் விழும்; கிடைக்காவிட்டால் நீலத்தில் சோர்ந்த முகம். அதற்கு வெட்கப்பட்டு அநேகர் எழுதுவதில்லை. எழுதினால்தான் வைத்தவருக்கு டப்பா தொலைந்துபோயிற்றோ என்று சந்தேகம் தட்டி, வந்து பார்ப்பார். என் அபிப்பிராயத்தில் இந்த இலக்கியத்தின் சிகரங்கள் எல்லாம் இந்த நீல முகத்தில்தான் இருக்கின்றன. கண்டுபிடித்தவனுக்கு அவசரம். கண்டுபிடிக்காதவன் எந்தக் கல்லைப் புரட்டினான், எந்தப் பொந்தில் கைவிட்டு எறும்பு கடித்தது, எப்போது மனைவி காருக்குத் திரும்பிவிட்டாள் என்று ஒன்றையும் விடாமல் எழுதுகிறான். மருமானின் நாலாயிரத்தில் நீல முகம் ஒன்றுகூட இல்லை.

கிளம்புவதற்கு முந்திய ஞாயிறு ஓடைக்கரையில் ஒரு பழைய மேப்பிள் மரத்தை இரண்டு மணி நேரம் சுற்றினோம். இலை அடர்ந்த இடத்தில் சமிக்ஞை சிதறும். எண்கள் எங்களை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக அலைக்கழித்தன. அகப்படவில்லை. காரில் உட்கார்ந்ததும் செல்போனைப் பைக்குள் போட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாதி வழியில் காரை ஓரமாக நிறுத்தி எடுத்து எழுதினான். ஆறு வரி. படிக்கக் கொடுத்தான். நான்காவது வரி அநாவசியம் என்றேன். அடிக்கமாட்டேன் என்றான்.

ஊர் திரும்பி நாலு மாதம் கழித்து அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அந்த இரும்புப் பெட்டியை யாரோ கண்டுபிடித்து எழுதியிருந்ததை அனுப்பியிருந்தான். நோட்டில் ஒரு பக்கம் முழுக்கத் தமக்குத் தெரியாத லிபியில் எழுதியிருக்கிறது, வட்டம் வட்டமாக, அடித்தல் திருத்தல் மூன்று இடத்தில் இருக்கிறது, முக்கியமாக ஏதோ சொல்லியிருக்கவேண்டும், அதன் கீழே இடம் மிச்சமிருந்தும் அதில் எழுத மனம் வராமல் அடுத்த பக்கத்தில் எழுதினேன் என்று அவர் சொல்லியிருந்தார். கீழே மருமான், "மூணு இல்ல மாமா, நாலு இடம். நான் பாத்தேன்" என்று சேர்த்திருந்தான்.